அம்பகரத்தூர் காளி ஏன் எந்தப் பட்டியலிலும் இல்லை?

இந்த எபிசோட் ஒரு எக்செல் ஷீட்டுல இருந்து ஆரம்பிக்குது.

என் நண்பர் ஒருத்தர், சென்னையில ஐடி வேலை. பாடல் பெற்ற தலம் 276-ஐயும் பார்த்து முடிக்கணும்னு கிளம்பியிருக்கார். அதுக்கு ஒரு ஷீட் வெச்சிருக்கார்: வரிசை எண், ஊர், மாவட்டம், பாடியவர், பார்த்த தேதி. ஒரு கோயிலைப் பார்த்தாச்சுன்னா அந்த வரி பச்சையாகிடும். போன தடவை காரைக்கால் பக்கம் போனப்ப நானும் கூடப் போயிருந்தேன். திருநள்ளாறு முடிஞ்சது, பச்சை. அடுத்து திருமாகாளம், அதாவது தேவாரத்துல வர்ற அம்பர் மாகாளம். பேரளம் போற ரோட்டுல அம்பகரத்தூர் வந்துச்சு. பத்ரகாளியம்மன் கோயில் வாசல்ல நல்ல கூட்டம். "இறங்கிப் பார்த்துட்டுப் போகலாமா?"ன்னு கேட்டேன். அவர் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துட்டு, "லிஸ்ட்ல இல்லையேப்பா"ன்னார்.

இறங்கல. திருமாகாளம் போய் அந்தக் கோயிலோட தலபுராணத்தைக் கேட்டப்பதான் புரிஞ்சுது, நாங்க ஒரு கதையோட ரெண்டாவது பாதியில வந்து நிக்கிறோம். முதல் பாதியைக் கார் ஜன்னல் வழியா தாண்டி வந்துட்டோம்.

கதை சுருக்கமா இதுதான். அம்பன், அம்பாசுரன்னு ரெண்டு அசுரர்கள். (அம்பரன், அம்பகரன்னும் சொல்லுவாங்க. சொல்றவரைப் பொறுத்து பேர் மாறும்.) அவங்க தொல்லை தாங்காம தேவர்கள் முறையிட, அம்பிகை காளியா வர்றா. ஒருத்தன் எருமை உருவம் எடுக்குறான். அவனை அவ வதம் பண்ணின இடம்தான் அம்பகரத்தூர். கொன்னு முடிச்சதும் கொலைப் பாவம் வந்து சேருது. அது தீர சிவனைப் பூசை பண்ணின இடம் அம்பர் மாகாளம். ரெண்டு ஊருக்கும் நடுவுல சில கிலோமீட்டர்தான். இங்க கொலை, அங்க பரிகாரம்.

பரிகாரம் நடந்த இடத்துக்கு சம்பந்தர் மூணு பதிகம் பாடியிருக்கார். கொலை நடந்த இடத்துக்கு ஒண்ணு கூட இல்ல. அதனால என் நண்பரோட ஷீட்டுல அதுக்கு ஒரு வரி கூட கிடையாது.

நீங்க உடனே கேட்கலாம்: அது சிவன் கோயில் பட்டியல்தானே, அதுல காளி கோயில் எப்படி வரும்? சரியான கேள்வி. ஆனா நம்ம பேச்சுல "பாடல் பெற்ற தலம்"ங்கிற சொல் ஒரு தரச் சான்றிதழ் மாதிரி ஆகிடுச்சு. பழமையான கோயிலா, சக்தி உள்ள கோயிலான்னு கேட்டா, "பாடல் பெற்றதுங்க"ன்னு பதில் வரும். அந்தப் பட்டியல் உண்மையில எப்படி உருவாச்சுன்னு பார்த்தாத்தான் அது எதைச் சொல்லுது, எதைச் சொல்லலைன்னு தெரியும்.

ஏழு, எட்டாம் நூற்றாண்டுல அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூணு பேரும் ஊர் ஊரா நடந்து பாடினாங்க. அவங்க ஒரு தலத்துக்குன்னு பாடின பதிகம் இருந்தா அது பாடல் பெற்ற தலம். வேற ஊர்ப் பாட்டுக்குள்ள பேர் மட்டும் வந்துபோனா அது வைப்புத் தலம். விதி அவ்வளவுதான். கோயில் எவ்வளவு பழசு, எவ்வளவு பெருசு, எத்தனை பேர் வர்றாங்க, இதுக்கெல்லாம் அங்க மதிப்பெண் கிடையாது.

அதுக்கப்புறம் நடந்தது இன்னும் சுவாரசியம். திருமுறை கண்ட புராணம் சொல்றபடி, இந்தப் பாட்டெல்லாம் தில்லையில ஒரு அறைக்குள்ள பூட்டிக் கிடந்துச்சு. சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் போய்த் திறந்தப்ப சுவடிகள் மேல புற்று வளர்ந்திருந்தது. கறையான் தின்னது போக மிஞ்சினதைத்தான் எடுத்தாங்க. இன்னைக்கு நம்ம கையில இருக்கிறது சுமார் 800 பதிகம். அந்தக் கதையை அப்படியே எடுத்துக்கிட்டா, எந்த ஊர் பாடல் பெற்ற தலம்னு முடிவு பண்ணினதுல மூவருக்கு அடுத்த பங்கு கறையானுக்குத்தான். பாட்டு இருந்தும் பாட்டு போன ஊர்கள் எத்தனையோ.

இது வெறும் புராணக் கதைன்னு தள்ளிட முடியாது, ஏன்னா நம்ம காலத்துக்குப் பக்கத்துலயே ஒரு ஊர் இப்படித்தான் உள்ளே வந்துச்சு. ரொம்ப நாளா எண்ணிக்கை 274-ஆ இருந்துச்சு. 1917-ல திருவிடைவாய் கோயில் கல்வெட்டுல சம்பந்தர் பதிகம் ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. அது 275 ஆச்சு. அப்புறம் கிளியனூர் பதிகமும் சேர்ந்து 276. கல்வெட்டைப் படிக்கிறதுக்கு முந்தின நாளும் திருவிடைவாய் அதே கோயில்தான், அதே சாமிதான். மாறினது பட்டியல் மட்டும்.

இன்னொண்ணு, அந்த வரிசை எண். காவிரித் தென்கரையில 54-ஆவது அம்பர், 55-ஆவது அம்பர் மாகாளம்னு போர்டுல போட்டிருப்பாங்க. நிறைய பேர் அதை ரேங்க் மாதிரி நினைக்கிறாங்க. அது வழி எண். தலமுறைன்னு ஒரு பதிப்பு முறை இருக்கு. அதுல பதிகங்களைப் பண் வாரியா அடுக்காம, நாடு வாரியா, கரை வாரியா, ஒரு ஊர்ல இருந்து அடுத்த ஊருக்குப் போற மாதிரி அடுக்குவாங்க. ஒரு விதத்துல என் நண்பரோட எக்செல் ஷீட்டோட தாத்தா அது.

பாட்டை வெச்சுப் பிரிக்கிறது ஒரு முறைதான். கட்டடத்தை வெச்சும் பிரிச்சிருக்காங்க. அதுக்கு சாட்சியும் இங்கேயே பக்கத்துல இருக்கு. அப்பர் ஒரு திருத்தாண்டகத்துல கோயில் வகைகளை வரிசையா சொல்றார்: பெருங்கோயில், கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், இளங்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில். பெருங்கோயில் மட்டும் 78-ன்னு கணக்கும் தர்றார். திருமங்கையாழ்வார் திருநறையூர்ப் பாசுரத்துல, செங்கணான்ங்கிற சோழன் ஈசனுக்கு 70 மாடம் கட்டினதா சொல்றார். அந்தக் கோச்செங்கணான் கட்டினதைத்தான் மாடக்கோயில்னு சொல்றோம். உயர்ந்த தளம், அதுக்கு மேல கருவறை, படியேறித்தான் போகணும். யானை ஏற முடியாதபடி கட்டினான், ஏன்னா போன பிறவியில அவன் திருவானைக்காவுல யானையோட சண்டை போட்ட சிலந்தின்னு கதை. வெள்ளம் வர்ற டெல்டாவுல உயரத்துல கட்டினதுக்கு யானை மட்டும்தான் காரணமாங்கிறது என்னோட தனிப்பட்ட சந்தேகம்.

திருமாகாளத்துக்குப் பக்கத்துல இருக்கிற அம்பர் கோயில் அந்த வகைதான். பேர்லயே இருக்கு: அம்பர்ப் பெருந்திருக்கோயில். செங்கண் மன்னன் கட்டினதுன்னு சம்பந்தரே அந்தப் பதிகத்துல பாடுறார். கடவுளைப் பாட வந்த பாட்டுல கட்டினவன் பேர் நிக்கிறது சாதாரண விஷயம் இல்ல.

மூணாவதா, எப்படித் தோணுச்சுங்கிறதை வெச்சு ஒரு பிரிவு. சைவ ஆகமங்கள் லிங்கத்தை சுயம்பு, காணம், தைவிகம், ஆரிடம், மானுடம்னு பிரிக்கும். தானா வந்தது, சிவகணங்கள் வெச்சது, தேவர்கள் வெச்சது, ரிஷிகள் வெச்சது, மனுஷங்க வெச்சது. இதுல மனுஷன் வெச்சது கடைசியில வருது. நீங்க எந்தக் கோயிலுக்குப் போனாலும் "இங்க சாமி சுயம்பு"ன்னு பெருமையா சொல்றதுக்குக் காரணம் இந்த வரிசைதான்.

ஆழ்வார்கள் பாடினது 108 திவ்ய தேசம். முருகனுக்கு ஆறுபடை வீடு. அம்மனுக்கு? 51 சக்தி பீடம்னு ஒரு பட்டியல் உண்டு. அது தாட்சாயணியோட உடல் விழுந்த இடங்கள்னு இந்தியா முழுக்க விரியுற கணக்கு. டெல்டாவோட ஊர்க்காளிகள் அதுல வர மாட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, அம்மனைப் பாடிக்கிட்டே ஊர் ஊரா நடந்த ஒரு சம்பந்தர் நமக்குக் கிடையாது. திருக்கடவூர்ல அபிராமி பட்டர் ஒரு அம்மனைப் பாடினார், ஒரே ஊர்ல இருந்து. காரைக்கால் அம்மையார் இதே மண்ணோட பொண்ணு. பேய், சுடுகாடு, நள்ளிரவு எல்லாம் பாடினவங்க. அவங்களும் பாடினது திருவாலங்காட்டுல ஆடுற சிவனைத்தான். பட்டியல் போடுறதுக்கு நடந்து போய்ப் பாடின ஒருத்தர் வேணும். ஊர்க்காளிகளுக்கு அப்படி யாரும் அமையல.

இப்போ கொலையும் பரிகாரமும் விஷயத்துக்கு வர்றேன். என்னை ரொம்ப நாள் தொந்தரவு பண்ணினது அதுதான்.

இதே டெல்டாவுல அட்ட வீரட்டம்னு எட்டுத் தலம் தொகுத்து வெச்சிருக்காங்க. சிவன் வீரம் காட்டின இடங்கள். யமனை உதைச்ச திருக்கடவூர், தட்சன் வேள்வியை அழிச்ச திருப்பறியலூர், சலந்தரனைக் கொன்ன திருவிற்குடி, யானையை உரிச்ச வழுவூர். பெரும்பாலும் காவிரி பாயுற பக்கம்தான். (வழுவூர் பாடல் பெற்ற தலம் இல்ல, வைப்புத் தலம். ஆனாலும் வீரட்டப் பட்டியல்ல இருக்கு. ஒரு பட்டியல்ல தவறினாலும் இன்னொரு பட்டியல் தாங்கிப் பிடிச்சிருக்கு.) சிவன் கொன்ன இடம் வீரட்டம்னு பேர் வாங்குது. காளி கொன்ன இடத்துல அவளுக்குப் பாவம் வருது, அவ போய் சிவனைக் கும்பிட்டுக் கழுவிக்கணும்.

நியாயமா பேசணும்னா, சிவனுக்கும் பிரம்மஹத்தி பிடிச்ச கதை உண்டு. ராமன் ராவணனைக் கொன்னுட்டு ராமேசுவரத்துல லிங்கம் வெச்சான்னு சொல்றோம். அதனால காளிக்கு மட்டும் நடந்த ஓரவஞ்சனைன்னு நான் சொல்ல வரல. ஆனா இந்த மாதிரி கதை என்ன வேலை செய்யுதுன்னு கவனிக்கலாம். ஊர்ல ஏற்கெனவே ஒரு காளி இருக்கா. பக்கத்துல ஒரு சிவன் கோயில் பெருசா வளருது. ரெண்டையும் ஒரே கதைக்குள்ள கொண்டுவரணும்னா, காளி அங்க போய்க் கும்பிட்டாள்னு சொல்றது சுலபமான வழி. அவ உக்கிரமும் பொய்யாகல, அவர் பெருமையும் குறையல. அதோட சேர்த்து யார் மேல, யார் கீழங்கிறதும் சத்தமில்லாம முடிவாகிடுது. இது என் வாசிப்பு. தலபுராணம் எழுதினவர் ஒத்துக்க மாட்டார்.

அசுரன் பேரையும் பாருங்க. அம்பன், அம்பாசுரன். ஆனா அம்பர்ங்கிற ஊர்ப் பேர் சங்கப் பாட்டுலயே இருக்கு. புறநானூறு 385-ல கல்லாடனார் பாடினது அம்பர் கிழான் அருவந்தைங்கிற வள்ளலை. நற்றிணையில ஒரு தலைவன், தன் காதலியோட கூந்தலுக்கு அம்பரைச் சூழ்ந்து ஓடுற அரிசிலாற்று மணலோட நெளிவை உவமை சொல்றான். திவாகர நிகண்டைச் செய்ய வெச்ச சேந்தனும் அம்பர்க்காரர்தான். அந்தப் பழைய பாட்டுல அசுரன் யாரும் இல்ல. ஆறு இருக்கு, மணல் இருக்கு, சோறு போடுற ஒரு பெரிய மனுஷன் இருக்கார். ஊர் பேர்தான் அசுரனுக்குப் பேர் கொடுத்திருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

எருமை மட்டும் ரொம்பப் பழசு. சிலப்பதிகாரம் வேட்டுவ வரியில கொற்றவை எருமைத் தலை மேல நிக்கிறா. மாமல்லபுரம் மகிஷமர்த்தினி மண்டபத்துல ஏழாம் நூற்றாண்டுலயே அவ சிங்கத்து மேல வர்றா, எருமைத் தலையன் பின்வாங்குறான். ஒன்பதாம் நூற்றாண்டு நடுவுல விஜயாலய சோழன் தஞ்சாவூரைப் பிடிச்சதும் அங்க நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்தான்னு திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லுது. அதாவது பெரிய கோயிலுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னாடி, சோழ சாம்ராஜ்யம் ஒரு காளியோடதான் ஆரம்பிக்குது. அவளை "சிறு" தெய்வம்னு யாரும் அப்போ சொல்லியிருக்க முடியாது.

"சிறுதெய்வம்"ங்கிற சொல் அப்பர் தேவாரத்துலயே வருது. இப்போ ஆய்வாளர்கள் நிறைய பேர் "நாட்டார் தெய்வம்"னு சொல்றாங்க, அது நல்லது. ஆனா சொல்லை மாத்திட்டா பிரச்சினை முடிஞ்சிடாது, ஏன்னா இந்த வகைப்பாடு சட்டத்துக்குள்ளயும் போயிருக்கு.

முதல்ல பலி. அம்பகரத்தூர்ல வருஷா வருஷம் நடக்கிற விழாவுக்கு மகிஷ சம்ஹார நினைவுப் பெருவிழான்னு பேர். ஒரு காலத்துல அங்க எருமைக்கிடா பலி உண்டுன்னு ஊர்ல பெரியவங்க சொல்லுவாங்க. இப்போ பேர்ல "நினைவு"ங்கிற சொல் நிக்குது. தமிழ்நாட்டுல 1950-லயே கோயில் உயிர்ப்பலித் தடைச் சட்டம் வந்துச்சு. ரொம்ப வருஷம் தூங்கிக்கிட்டிருந்த சட்டத்தை 2003-ல அரசு கண்டிப்பா அமல்படுத்தச் சொன்னப்ப பெரிய எதிர்ப்பு. எங்க சாமிக்கு நாங்க படைக்கிறதை முடிவு பண்ண நீங்க யாருன்னு கிராமங்கள் கேட்டுச்சு. 2004-ல சட்டமே ரத்தாச்சு. ஆனா அம்பகரத்தூர் தமிழ்நாடு இல்ல, காரைக்கால். அங்க புதுச்சேரிக்குன்னு 1965-ல போட்ட தனிச் சட்டம் இருக்கு. காரைக்கால் 1954 நவம்பர் வரைக்கும் பிரெஞ்சு நிர்வாகத்துல இருந்துச்சு, முறைப்படி இந்தியாவோட சேர்ந்தது 1962 ஆகஸ்ட்டுல. கதையோட முதல் பாதி புதுச்சேரி அரசுக்குக் கீழ, ரெண்டாம் பாதி தமிழ்நாடு அறநிலையத்துறைக்குக் கீழ. காளி பாவம் தீர்க்கப் போன அந்தச் சில கிலோமீட்டருக்குள்ள இன்னைக்கு ஒரு மாநில எல்லை வந்துடுச்சு.

எருமை பலி திரும்ப வரணும்னு நான் சொல்லல, எனக்கு அதைப் பார்க்கிற மனசும் இல்ல. ஆனா "அது பழங்காலக் காட்டுமிராண்டித்தனம், இது சாஸ்திரம்"னு பிரிக்கிறதை ஏத்துக்கவும் முடியல. திருமாகாளத்துல வைகாசி ஆயில்யத்துல நடக்கிற சோமயாக விழா சோமாசிமாற நாயனார் நினைவா. அவர் வேள்விக்குத் தியாகராசரே புலையர் வேஷத்துல, இறந்த கன்னுக்குட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தாராம். வேதியர்கள் தீட்டுன்னு ஓடிட்டாங்க, நாயனாரும் அவர் மனைவியும் மட்டும் நின்னு வரவேற்றாங்கன்னு சொல்லுவாங்க. பெரியபுராணத்துல நாயனாருக்கு இருக்கிற சில பாடல்கள்ல இந்தச் சம்பவம் கிடையாது. பின்னாடி வந்து சேர்ந்த கதை. எனக்கு அந்த வட்டாரத்துக் கதைகள்லயே ரொம்பப் பிடிச்சது இதுதான். ஓடிப்போனவங்க எல்லாரும் வகைப்பாடு தெரிஞ்சவங்க.

ரெண்டாவது, அர்ச்சகர் வேலை. தமிழ்நாட்டுல பயிற்சி பெற்ற எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாமாங்கிற வழக்குகள் கடைசியில வந்து நிக்கிற கேள்வி: இது ஆகமக் கோயிலா, இல்லையா? 2022 ஆகஸ்ட்டுல சென்னை உயர்நீதிமன்றம், எந்தெந்தக் கோயில் ஆகமக் கோயில்னு அடையாளம் காண ஓய்வுபெற்ற நீதிபதி எம். சொக்கலிங்கம் தலைமையில ஒரு குழு போடச் சொல்லுச்சு. ஆகமக் கோயில்னா ஆகமம் சொல்றபடிதான் நியமனம். இல்லைன்னா அரசு விதி செல்லும். அம்பர்ல அப்பர் காலத்துல கட்டட வகையா இருந்தது, இன்னைக்கு ஒரு இளைஞருக்கு வேலை கிடைக்குமாங்கிறதை முடிவு பண்ற வகையா வந்து நிக்குது. கோயில்களைப் பிரிக்கிறது யாரோ பண்டிதரோட பொழுதுபோக்குன்னு நினைச்சவங்களுக்காக இதைச் சொல்றேன்.

நண்பர்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். முழுசா ஒத்துக்கல. "அப்புறம் எல்லா ஊர்க் காளியையும் சேர்த்தா ஷீட் முடியவே முடியாதே"ன்னார். அது உண்மைதான்.

நீங்க போறதா இருந்தா நாங்க போன வழியிலேயே போங்க, ஆனா இறங்குங்க. திருநள்ளாறுல இருந்து பேரளம் ரோட்டுல முதல்ல அம்பகரத்தூர், அப்புறம் திருமாகாளம், அதுக்குப் பக்கத்துலயே அம்பர். கதை நடந்த வரிசையும் அதுதான். அம்பர்ல படி ஏறணும். மத்தியானம் நடை சாத்திடுவாங்க, காலையில சீக்கிரம் கிளம்புங்க. சனிக்கிழமையைத் தவிர்த்துடுங்க, திருநள்ளாறு கூட்டத்துலயே பாதி நாள் போயிடும்.